ஓடும் மாதிரியும் ஓடாத மாதிரியும்

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். முன்னுரையாக ஒரு மன்னிப்பு வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் 'பொறி' என்னும் ஒரே சொல்லால் எந்திரத்தையும், நெருப்புத் துளியையும், ஐம்புலன்களின் வாயில்களையும் குறித்த மொழி நம்முடையது. ஆகவே எஞ்சினுக்கு இங்கே ஓரமாக ஓர் இடம் கேட்பதில் தவறில்லை என்பது என் துணிபு.

என் மனைவியின் பெரியப்பா கோயம்புத்தூர் கணபதியில் வசிக்கிறார். நான் அவரை மாமா என்று அழைப்பது வழக்கம். பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் 34 ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறம் முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் பழைய லேத் ஒன்றையும், மேசை ட்ரில்லிங் மெஷின் ஒன்றையும் வைத்திருக்கிறார். அங்குள்ள அலமாரியில் இரண்டு எஞ்சின்கள் அருகருகே இருக்கின்றன. இரண்டும் மோட்டார் வாகன எஞ்சின்களின் மாதிரிகள். இரண்டும் ஏறத்தாழ ஒரு செங்கல் அளவே உள்ளவை. இரண்டையும் அவரே செய்தார். ஒன்று ஓடும். மற்றொன்று ஓடாது. ஓடாத எஞ்சினிலிருந்து ஓடும் எஞ்சினுக்கு அவர் வந்து சேர்ந்த வழியை விடுமுறை நாள்களில் அருகிலிருந்து பார்த்தவன் நான். தமிழ் கற்பிக்கும் என் தொழிலைப் பற்றி அந்தக் கொட்டகையில் கற்றுக்கொண்டதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் எஞ்சினுக்கு மூலம் ஒரு பழைய வில்லிஸ் ஜீப். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய அதே வகை எஞ்சின்: நான்கு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த 'சைடு வால்வு' அமைப்பு, கொள்ளளவு ஏறத்தாழ 2,200 சி.சி. நண்பர் ஒருவரின் தோட்டத்தில் துருவேறிக் கிடந்த அதைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் வெர்னியரால் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஆறால் வகுத்து நோட்டில் எழுதிக்கொண்டார் மாமா. ஆறில் ஒரு பங்கு என்றால் தமிழாசிரியனுக்குப் பாரதியின் கதை நினைவுக்கு வரும். மாமாவுக்கு அது வெறும் வகுத்தல் கணக்கு. 79.4 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம் 13.2 ஆயிற்று. 111.1 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம் 18.5 ஆயிற்று. 2,200 சி.சி. எஞ்சின் 10 சி.சி. எஞ்சினாயிற்று.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்ப்பதே ஒரு கல்வி. கிராங்க் ஷாஃப்டை ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுத்தார். தண்டின் நடுமையத்தை விட்டு விலகி நிற்கும் நான்கு பின்களையும் கடைய வேண்டுமானால், துண்டை ஒவ்வொரு முறையும் வேறொரு மையத்தில் பிடித்துச் சுழலவிட வேண்டும். உளியை ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினால் முழுத் தண்டும் வளைந்துவிடும். எடுத்த எஃகில் பெரும்பகுதி சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது, எஞ்சியதே உறுப்பு. அலுமினிய வார்ப்பு ஊற்றுவதற்கான மர அச்சையும் தாமே செதுக்கினார். அந்த அச்சு, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். உருகிய அலுமினியம் ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் சுருங்கும்.

ஒருநாள் வார்ப்பில் மரை போடும்போது சிறிய டேப் ஒன்று உள்ளேயே முறிந்துவிட்டது. எஃகு டேப்பைத் துளையிட்டு எடுக்க முடியாது. ஆறு மாத உழைப்பு வீணாயிற்று என்று நான் கலங்கினேன். மாமா வீட்டுக்குள் குரல் கொடுத்துப் படிகாரம் கொண்டுவரச் சொன்னார். முகச்சவரத்துக்குப் பின் தடவுவோமே, அதே படிகாரம். கண்ணாடிப் பாத்திரத்தில் செறிவான படிகாரக் கரைசலைச் சூடாக வைத்து வார்ப்பை அதில் மூழ்கவிட்டார். மறுநாள் மாலை பார்த்தபோது எஃகு கரைந்து கருஞ்சேறாகியிருந்தது. அலுமினியத்துக்குக் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை. பொருளின் குணம் அறிந்தவனுக்கு மளிகைக் கடையும் கருவிப் பெட்டிதான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஞ்சின் முடிந்தது. ஜீப் எஞ்சினைத் தெரிந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள், அவ்வளவு துல்லியம். ஆனால் அது ஓடவில்லை. கயிறு சுற்றி இழுத்தும், ட்ரில் மெஷினால் சுழற்றியும் பார்த்தார். ஒருமுறை இருமினாற்போல ஓர் ஒலி வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்தையும் ஆறுல ஒண்ணாக்கிப்போட்டேனுங்க மாப்பிள்ளை. பெட்ரோல ஆறுல ஒண்ணாக்க முடியலீங்களே."

*

இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய இயற்பியல் உண்மை அடங்கியிருக்கிறது. நீளத்தை ஆறில் ஒன்றாக்கினால் பரப்பு 36இல் ஒன்றாகும். கன அளவு 216இல் ஒன்றாகும். எரியும் வாயுவின் அளவைப் பொறுத்தது வெப்பம். அதைக் களவாடுவது சிலிண்டரின் சுவர்ப் பரப்பு. ஆகவே சிறிய எஞ்சினில், எரியும் வாயுவின் ஒவ்வொரு பங்குக்கும் ஆறு மடங்கு சுவர் நிற்கிறது. சூடு வேலை செய்வதற்குள் சுவர் அதைக் குடித்துவிடுகிறது.

ஃபிளைவீல் எனப்படும் கனச்சக்கரம் இன்னும் பெரிய துரோகி. அதை ஆறில் ஒன்றாக்கினால் எடை 216இல் ஒன்றாகும். ஆனால் அதே வேகத்தில் சுழலும்போது அது சேமித்து வைக்கும் ஆற்றல் 7,776இல் ஒன்றாகச் சரிந்துவிடும். அழுத்தத்துக்கு எதிராகப் பிஸ்டனை அடுத்த சுற்றுக்குத் தள்ளிக்கொண்டுபோகும் வலு அதற்கு இருப்பதில்லை. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை ஆறில் ஒன்றாக்கினால் ஒரு துளி எண்ணெய் அதை அடைத்துவிடும். வால்வு உட்காரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவு, ஜீப்பில் பொருட்படுத்தத் தகாதது, இரண்டரை சி.சி. சிலிண்டரிலோ அதுவே மூச்சு முழுவதையும் வெளியேற்றிவிடும். பெட்ரோல் துளியோ காற்றோ எண்ணெயின் பிசுபிசுப்போ நம் வகுத்தல் கணக்குக்குக் கட்டுப்பட்டுச் சிறிதாவதில்லை. உலோகம் மட்டுமே கட்டுப்படுகிறது.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனுக்கு மாமா இதைத் தொலைபேசியில் சொல்ல, அவர் சில பழைய கட்டுரைகளின் நகல்களை அனுப்பிவைத்தார். எழுதியவர் எட்கர் வெஸ்ட்பரி. வெளியான இதழ் 'மாடல் எஞ்சினியர்'. 1898இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் தொடங்கி, ஒரு நூற்றாண்டைத் தாண்டி வந்த இதழ் அது. வீட்டுக் கொட்டகையில் சிறு எந்திரங்கள் செய்வோருக்கு வரைபடங்களையும் செய்முறைகளையும் தந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்டோர் அந்நாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குச் சான்றாக ஒன்றைச் சொல்லலாம்: நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் இயங்கிய மைஃபோர்ட் நிறுவனம் 1946இல் 'எம்.எல்.7' என்னும் சிறு லேத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; அத்தகைய கொட்டகைகளில் அது வீட்டுப் பொருளைப் போலவே ஆகிவிட்டது.

வெஸ்ட்பரி வடிவமைத்த எஞ்சின்களுள் ஒன்று 'சீல்'. நான்கு சிலிண்டர், சைடு வால்வு, தண்ணீரால் குளிர்விக்கப்படுவது, மொத்தக் கொள்ளளவு 15 சி.சி. கார் எஞ்சினின் அமைப்பு முழுவதும் அதில் உண்டு. ஆனால் எந்தக் காரையும் அவர் ஆறால் வகுக்கவில்லை. கார் எஞ்சின் என்ன செய்கிறது என்று கேட்டு, அதே செயலை 15 சி.சி.க்குள் நிகழ்த்த எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று புதிதாகத் தீர்மானித்தார். மாமா அந்தக் கட்டுரைகளை அகராதியின் துணையோடும் என் துணையோடும் படித்தார். எனக்குப் புரியாத இடங்கள் அவருக்குப் புரிந்தன.

இரண்டாவது எஞ்சின் அந்த வழியில் பிறந்தது. ஃபிளைவீல் விகிதத்தை மீறிப் பருத்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் பிள்ளையின் தலையில் பெரியவரின் தொப்பி வைத்தாற்போல் துருத்தி நின்றன. வால்வுத் தண்டுகள் தடித்தன. எட்டு வால்வுகளையும் அரைப்பொடியிட்டு உட்கார்த்துவதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. கார்புரேட்டரை மூன்று முறை செய்தார். கடைசியில் ஒரு தைப்பொங்கல் விடுமுறையில் அது பற்றிக்கொண்டது. 40 விநாடி ஓடியிருக்கும். தையல் மெஷினை யாரோ கோபத்தோடு மிதிப்பதுபோன்ற ஒலி. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தார். மாமா தாமே பெட்ரோலை அடைத்து நிறுத்தினார். சூடு ஆறும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

*

இனி என் தொழிலுக்கு வருகிறேன். எங்கள் கல்விமுறையில் 'மாதிரி' என்ற சொல்லுக்கு மிகப் பழக்கமான பொருள் 'மாதிரி வினாத்தாள்'. உண்மையான தேர்வைப் போலவே தோற்றமளிப்பது. ஆனால் அதில் எதுவும் சோதிக்கப்படுவதில்லை. இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு ஆயத்த ப்ராஜெக்ட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. அவர்களைப் பழிப்பதற்கு எனக்குத் தகுதியில்லை. நாவலைப் படிக்காமல் கதைச்சுருக்கத்தைப் படித்து அந்த நாவலைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். நாவலை ஆறால் வகுத்தால் கிடைப்பது கதைச்சுருக்கம். பாத்திரங்கள் இருக்கின்றன, நிகழ்ச்சிகள் இருக்கின்றன, வரிசையும் சரி. ஆனால் பற்றிக்கொள்வதில்லை.

குறுந்தொகைப் பாடல் நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குவது. அது எந்த நெடுங்கதையின் சுருக்கமும் ஆகாது. அந்தச் சில அடிகளுக்குள் எரிவதற்கு ஏற்ற அளவில் ஒவ்வொன்றும் புதிதாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சில சொற்கள் விகிதத்தை மீறிப் பருத்திருக்கும். பல செய்திகள் விடப்பட்டிருக்கும். சிறிய வடிவத்தைச் செய்பவன் பெரியதன் தோற்றத்தைத் துறந்து அதன் செயலைக் காப்பாற்றுகிறான். மொழிபெயர்ப்பாளனுக்கும் இதே விதி. வெஸ்ட்பரியின் கட்டுரைகளைப் படித்தபோது, அவரை ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் என்றே என் மனம் வகைப்படுத்திக்கொண்டது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எஞ்சின் பொய் சொல்லாது. ஓடும், அல்லது ஓடாது. என் வகுப்பறையில் அப்படியொரு நடுவர் இல்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறியை எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். வலப்புறம் திருகினால் பறக்கும், இடப்புறம் திருகினால் இறங்கும் என்று சொல்லி, 'பண்டைத் தமிழரின் பொறியியல் அறிவு' என்று ஒரு வாக்கியம் சேர்த்து, அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஒருமுறை பேச்சுவாக்கில் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஒரே திருகாணிலயே ஏத்தமும் எறக்கமும்னா உள்ள எப்படிங்க வெச்சிருப்பாரு அந்தத் தச்சன்? றெக்கை அடிக்குதுங்களா, சும்மா விரிஞ்சு நிக்குதுங்களா?" நான் விழித்தேன். அன்று இரவு நச்சினார்க்கினியர் உரையை எடுத்து வைத்துக்கொண்டு, முதன்முறையாக அந்தப் பாடல்களை ஒரு தச்சனின் கேள்வியோடு படித்தேன். அது பறந்ததா என்பது எனக்கு இன்று முக்கியமில்லை. கவிஞர் எதைக் கண்ணால் பார்த்ததுபோல் எழுதுகிறார், எதை மேகத்தில் மறைத்துவிடுகிறார் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகே எனக்குத் தெரியத் தொடங்கியது. பெருமிதம் கொள்வதற்காகப் படித்தது அதுவரை. புரிந்துகொள்வதற்காகப் படித்தது அன்று.

அறிந்ததைச் செய்துபார்த்துச் சோதிக்கும் பழக்கம் ஏன் நம்மிடம் அருகிப்போயிற்று? என் விடை சிலருக்கு உவப்பாக இராது. நம் சமூகத்தில் கைவேலை பிறப்போடு கட்டிவைக்கப்பட்டிருந்தது. கருவி பிடித்தவனுக்கு ஓய்வில்லை. ஓய்வு இருந்தவன் கருவியைத் தொடுவதை இழிவாகக் கருதினான். கொல்லனின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஏட்டறிவு உலைக்களத்துக்கு இறங்கவில்லை. இங்கிலாந்திலும் வர்க்க பேதம் இல்லாமல் இல்லை. என்றாலும், பகலில் எழுதுகோல் பிடித்தவன் மாலையில் கொட்டகைக்குள் நுழைந்து கையை அழுக்காக்கிக்கொள்வதற்கும், பட்டறைத் தொழிலாளி தன் தொழிலைப் பற்றி அச்சில் எழுதுவதற்கும் அங்கே ஓர் இதழ் பொதுமேடையாக இருந்தது. நம்மிடம் கவிதைக்குச் சிற்றிதழ்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. கடைசலுக்கு ஒன்று தோன்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமாவின் அறிவு அவர் விரல்களில் இருக்கிறது. அவருக்குப் பின் எங்கே இருக்கும் என்று எண்ணும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. இரண்டு நூல் என்றால் கால் அங்குலம் என்பதைக்கூட நம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மறுப்புகளை நான் அறியாதவனல்லன். 'இத்தனை ஆண்டு உழைப்பில் என்ன பயன்? அந்த எஞ்சின் ஒரு விசிறியையாவது சுற்றுமா?' என்று உறவினர்கள் கேட்டார்கள். கவிதையைப் பார்த்தும் உலகம் இதையேதான் கேட்கிறது. நாம் என்ன விடை சொல்கிறோமோ அதுவே இதற்கும் விடை. 'கணினி ஓட்டும் மெஷின்கள் வந்துவிட்டன, வரைபடத்தைக் கொடுத்தால் உறுப்பு வந்து விழும்' என்பார்கள். விழும். ஆனால் ஆறால் வகுத்த வரைபடத்தைக் கொடுத்தால் ஓடாத எஞ்சினைத்தான் அது இன்னும் துல்லியமாகச் செய்து தரும். லேத்தும் கொட்டகையும் எல்லோருக்கும் வாய்க்குமா என்ற கேள்வி நியாயமானது. மாமாவுக்கு வாய்த்தது, அவர் அந்தத் தொழிலிலேயே இருந்ததால். கலைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு வைஸ், நான்கு அரம், ஒரு சிறிய லேத் வைத்து, வாரத்தில் ஒரு மாலை எங்கள் மாணவர்களையும் அங்கே அனுப்பலாம் என்பது என் சிறிய யோசனை. அவர்கள் எஞ்சின் செய்ய வேண்டியதில்லை. ஒரு மூடி ஒரு குப்பியில் சரியாகப் பொருந்தும்படி செய்து வந்தால் போதும். 'ஏறக்குறைய சரி' என்பது 'சரி' ஆகாது என்பதை எந்த இலக்கண நூலையும்விட அது நன்றாகக் கற்பிக்கும்.

ஸ்பெயின் நாட்டு ஹோசே மானுவல் எர்மோ பரெய்ரோ என்னும் முதியவர், மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், 12 சி.சி. அளவில் 12 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்து ஓட்டிக்காட்டும் படத்தை இணையத்தில் பலர் பார்த்திருக்கலாம். 261 உறுப்புகள், 222 திருகாணிகள், 1,220 மணிநேர உழைப்பு. அது பெட்ரோலில் ஓடுவதில்லை. அழுத்தக் காற்றில் ஓடுவது. மாமாவிடம் அதைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை, எஞ்சினை விட்டுவிட்டு அந்த மனிதரின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் எஞ்சினையே கையில் எடுக்கிறார்கள். அச்சு அசலாக ஜீப் எஞ்சினாகவே இருக்கிறதே என்று வியந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். துருத்திய பிளக்குகளும் பருத்த சக்கரமுமாக நிற்கும் இரண்டாவதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மாமா அவர்களைத் திருத்துவதில்லை. சென்ற மாதம் என் மகள், "தாத்தா, இதுல எது நல்லது?" என்று கேட்டாள். அவர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பெட்ரோல் கேனைத் தேடப் போனார்.